எப்போதும் மார்ச் ஒன்பது

ஜூன் 2, திங்கள்

ஆபீசைத் திறந்ததும் என் முதல் வேலை தேதியைத் திருப்புவது. கூட்டுவது, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவது எல்லாம் அதற்கப்புறம்தான். கம்ப்யூட்டரில் மார்ச் 9, காலை ஒன்பது மணி என்று வைத்தால்தான் படம் வரையும் சாஃப்ட்வேர் திறக்கும். ஒரு மாதம் இலவசமாகப் பாருங்கள் என்று கம்பெனிக்காரன் கொடுத்ததை எங்கள் முதலாளி நாச்சிமுத்து சார் மூன்று வருடமாக இலவசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிட்டார். அதனால் உலகத்தில் என்ன நடந்தாலும் கணபதி மெயின் ரோட்டில் எங்கள் ஆபீசில் மட்டும் எப்போதும் மார்ச் ஒன்பதுதான். படத்தின் மூலைக் கட்டத்திலும் அந்தத் தேதிதான் தானாக விழும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

இன்று நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். அரசாங்க வரைதொழில் அலுவலர் வேலைக்கு என் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. 12ஆம் தேதி சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. எல்லாம் அசலாக வேண்டும், அசல் இல்லாமல் வந்தால் பெயர் நீக்கப்படும், மறு வாய்ப்பு கிடையாது என்று போட்டிருக்கிறார்கள். என் டிப்ளமோ, மார்க்‌ஷீட் எல்லாம் சாரின் பீரோவில் இருக்கின்றன. சேர்ந்த அன்றே "பத்திரமா இருக்கட்டும் அம்மணி" என்று வாங்கி வைத்துக்கொண்டார். இது இங்கே சகஜம். எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேரின் படிப்பு யாரோ ஒரு முதலாளியின் பீரோவில்தான் தூங்குகிறது.

சார் சந்தோஷப்பட்டார். நடிப்பில்லை, கண்ணே கலங்கிவிட்டது. ஜிலேபி வாங்கிவரச் சொன்னார். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபின், கல்யாண மண்டபத்துப் படிக்கட்டை முடித்துக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதுதான் சார். அவர் திட்டினால் திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஜூன் 3, செவ்வாய்

மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம் மாடியில். அங்கிருந்து வெளிப்பக்கமாக இறங்க இரும்புப் படிக்கட்டு. மேலே கதவை ஒட்டி ஆட்கள் நிற்க ஒரு மேடை வரும். அந்த மேடையைச் சுவரோடு பிடித்து நிறுத்துவது எட்டு பிராக்கெட். ஒவ்வொன்றிலும் நான்கு போல்ட். இன்று முழுக்க அதைத்தான் வரைந்தேன். கை நன்றாக ஓடியது. விட்டுப் போகப்போகிற இடத்தில் வேலை ஓடுவது ஏன் இப்படி இனிக்கிறது என்று தெரியவில்லை.

ஆறு மணிக்கு மேல் கரண்ட் போனது. யுபிஎஸ் இரண்டு தடவை கத்திவிட்டு உயிரை விட்டது. முறையாக மூடக்கூட விடவில்லை. போகட்டும், பாதிக்கு மேல் சேமித்து வைத்ததுதான்.

ஹாஸ்டலில் என் பக்கெட்டைக் காணோம்.

ஜூன் 4, புதன்

காலையில் இன்பராஜ் சார் போன் செய்தார். கட்டட வலுவைக் கணக்குப் போட்டுச் சொல்கிற பொறியாளர் அவர். நாங்கள் வரைவோம், அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பிராக்கெட்டுக்கு நான்கு போல்ட் போதாது, ஆறு வேண்டும், தகடும் தடிமனாக வேண்டும் என்றார். போன வாரம் அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். "படிக்கட்டுல யாரும் நடக்கறதில்ல மேடம், அடுத்த பந்திக்கு நிக்கறாங்க," என்றார். சிரிப்பு வந்தது. உண்மைதான். உடனே ஆறாக மாற்றினேன், சேமித்தேன்.

பிறகு சார் வந்து, ஜெனரேட்டர் வைக்க இடம் வேண்டுமாம், படிக்கட்டைக் கிழக்கே திருப்பு என்றார். பாதி திருப்பிக்கொண்டிருக்கும்போது திரை வெளுத்தது. எதிர்பாராத காரணத்தால் மூடப்படுகிறது என்று ஒரு பெட்டி வந்தது. எனக்கும்தான் எதிர்பாராதது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

திரும்பத் திறந்தால் மீட்கக்கூடிய ஃபைல்கள் என்று ஒரு பட்டியல். நான் சேமித்தது ஒன்று, அதுவாகச் சேமித்துக்கொண்டது ஒன்று. எது மேலே இருக்கிறதோ அதுதான் புதிது. அதைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. படிக்கட்டு மட்டும் இன்னும் கிழக்கே திரும்பவில்லை. அப்பாடா, அவ்வளவுதானா போனது என்று பழைய பெயரிலேயே சேமித்து மேலே எழுதிவிட்டேன்.

ஆனால் என் மேஜை போய்விட்டது. திரைக்குள் இருக்கிற மேஜையைச் சொல்கிறேன். நான் இடது கைக்காரி. மூன்று வருடமாக ஒவ்வொரு கருவிப் பட்டையையும் என் கைக்கு வாகாக நகர்த்தி வைத்திருந்தேன். எல்லாம் கலைந்து, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி பல்லிளிக்கிறது. யாரோ என் சமையலறையில் புகுந்து டப்பாக்களை மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி. படம் போகாததற்குச் சந்தோஷப்படாமல் இதற்குப் போய் அழுதேன். சார் பார்க்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

காலை முழுக்க மேஜையைத் திரும்ப அடுக்கினேன். பின்னணியைக் கறுப்பாக்கி, கோடு வரையும் பட்டையை இடது ஓரத்தில் நிறுத்தி, ஒற்றை எழுத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எழுதி வைத்தேன். விரலுக்குத் தெரிந்தது மூளைக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் எங்கே போகிறது என்று பார்த்து எழுதினேன்.

சார் பின்னால் வந்து நின்று, போகிறவளுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்றார். அவர் தேங்காய் பன்னை வைத்துவிட்டுப் போனார்.

மாலைக்குள் படிக்கட்டைக் கிழக்கே திருப்பிவிட்டேன். போனது மொத்தமும் திரும்ப வந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

பிரின்ட் எடுத்தாயிற்று. இன்பராஜ் சார் வெளியூர். அவர் வந்து கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும், அதற்குள் இரும்பை வெட்டட்டும் என்று சார் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். பட்டறையிலிருந்து சிவமலை அண்ணன் வந்து சுருட்டி வாங்கிப் போனார்.

இப்போதாவது என் சர்டிபிகேட் என்றேன். சார் இடுப்பைத் தடவினார், சட்டைப் பையைத் தடவினார். பீரோ சாவி வீட்டில் இருக்கிறதாம். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாமாம். அவர் வண்டிச் சாவியோடு அந்தச் சாவியும் தொங்குவதை மூன்று வருடமாகப் பார்க்கிறேன். இன்றும் தொங்கியது. நானும் பார்க்காத மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். என் மேல்தான் எனக்குக் கோபம்.

ஜூன் 7, சனி

சார் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். பக்கெட் கிடைத்துவிட்டது, கைப்பிடி இல்லாமல். அம்மா அரூரிலிருந்து போன் செய்தாள். தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம். மளிகைக்கடைக்காரர் இப்போதெல்லாம் உட்கார நாற்காலி போடுகிறாராம். அசல் சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாயா என்று கேட்டாள். வைத்துக்கொண்டேன் என்றேன்.

ஜூன் 9, திங்கள்

சாவி வந்தது. சார் பீரோவைத் திறந்து என் ஃபைலை எடுத்தார். ஒவ்வொரு தாளாக என் எதிரில் பிரித்துக் காட்டினார். பத்தாவது மார்க்‌ஷீட்டில் இரட்டைச் சடையோடு நான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். "மண்டபத்துக்காரர் ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும் அம்மணி. புதன்கிழமை கையில குடுத்துருவேன். நீ போயிட்டா நான் யாரைக் கேக்கறது சொல்லு?"

மூடிய பீரோவில் என் முகம் தெரிந்தது. அந்த இரும்பை உதைக்கலாம் போல இருந்தது.

மத்தியானம் சிவமலை அண்ணன் போன் செய்தார். போல்ட் வாங்கக் கடையில் நிற்கிறாராம். "முப்பத்திரண்டுதானுங்களே அம்மணி? ரெண்டு சேத்தி வாங்கிக்கறனுங்க." படத்தில் இருப்பதுதான் அண்ணா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டீ ஆறிப்போனது. எட்டு பிராக்கெட்டுக்கு ஆறு ஆறு போட்டால் நாற்பத்தெட்டு வர வேண்டும்.

படத்தைத் திறந்து பார்த்தேன். நான்கு. தகடும் பழைய தகடுதான். நான் மாற்றினேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை கரண்ட் போவதற்கு முன் அதுவாகச் சேமித்தது மாலை 6.10. புதன்கிழமை நான் ஆறு போல்ட் போட்டுச் சேமித்தது காலை 10.15. இரண்டுக்கும் தேதி மார்ச் 9. தினமும் ஒரே நாள் என்றால் கம்ப்யூட்டருக்கு மாலைதான் காலைக்குப் பிந்தியது. செவ்வாய்க்கிழமையதை மேலே வைத்தது, புதன்கிழமையதைக் கீழே வைத்தது. நான் மேலே இருந்ததை எடுத்து, சரியாக இருந்ததன் மேல் எழுதினேன்.

இன்பராஜ் சார் எதையும் இரண்டு மடங்காகப் போடுகிற ஆள்தான். நான்கே தாங்கும். மூன்று வருடமாக நான்குதான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 10, செவ்வாய்

பஸ் டிக்கெட் போட்டுவிட்டேன். நாளை மாலை, ஜன்னல் ஓரம்.

மத்தியானம் ஒரு அளவு பார்க்க மண்டபத்துக்குப் போனேன். பார்க்க வேண்டிய அளவு எதுவும் இல்லை. உள்ளே காதுகுத்து விருந்து. இப்போதைக்கு இருப்பது உட்பக்கத்துக் குறுகல் படிக்கட்டு ஒன்றுதான். அதில் கீழிருந்து மேல் வரை ஜனம். முதல் பந்தி எழுந்திருக்கவில்லை, அடுத்த பந்திக்காரர்கள் நகரவில்லை. பட்டுப்புடவையில் ஒருத்தி தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கைத்தடியோடு ஒருவர், ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று பேர். மேலேயிருந்து ரசத்தின் வாசனை வந்தது. யாரும் கீழே பார்க்கவில்லை, எல்லோரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்தார். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

திரும்பி வந்தால் சார் நல்ல மனநிலையில் இருந்தார். மண்டபத்துக்காரர் சம்மதித்துவிட்டாராம். திருத்தம் ஒன்றும் பாக்கி இல்லையே என்று கேட்டார். இல்லைங்க சார் என்றேன். வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது.

ஜூன் 11, புதன்

பையோடுதான் ஆபீசுக்குப் போனேன். இரண்டு சுடிதார், அம்மா கொடுத்துவிட்ட திருநீறு, தண்ணீர் பாட்டில். பையின் மேல் அறை ஒன்றைச் சர்டிபிகேட்டுக்காகக் காலியாக விட்டிருந்தேன்.

மத்தியானம் வரை சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். சிவமலை அண்ணன் வேறு விஷயமாகப் போனில் பேசும்போது, தகடெல்லாம் துளை போட்டாயிற்று, நாளை மேலே ஏற்றுகிறோம் என்றார். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. சாரிடம் போய்ச் சொன்னேன். ஆறு போல்ட், பழைய ஃபைல், மார்ச் ஒன்பது, எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன். இப்போதே உட்கார்ந்து மாற்றித் தருகிறேன் என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமே இல்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்தார். என் ஃபைலை எடுத்து வந்து மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார்.

"முப்பது வருஷமா படிக்கட்டு போடறேன் அம்மணி. எது விழுந்துச்சு? நாலே போதும். பஸ்ஸுக்கு நேரமாச்சு, எடுத்துக்கிட்டுக் கிளம்பு. நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல."

ஃபைல் மேல் கை வைத்தேன். பிளாஸ்டிக் உறை ஜில்லென்று இருந்தது. பத்து நாளாக இதற்குத்தான் தவித்தேன். இப்போது அவரே போ போ என்கிறார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. பையில் போட்டுக்கொண்டு அப்புறம் போன் செய்திருக்கலாமே என்று இப்போது, ஹாஸ்டலில் உட்கார்ந்து, தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. ஃபைலோடு வாசலைத் தாண்டினால் நான் பேசமாட்டேன் என்றுதான் பயந்தேன். என்னை எனக்குத் தெரியும்.

ஒரு கை ஃபைலில் இருக்க, இன்னொரு கையால் இன்பராஜ் சாருக்குப் போன் போட்டேன். "சார், ஆறு போல்ட் போட்டது போயிடுச்சு. பட்டறைக்கு நாலு போட்ட படம்தான் போயிருக்கு."

அவர், வேலையை நிறுத்தச் சொல்லித் தானே பட்டறைக்குப் பேசுவதாகச் சொன்னார். ஒன்று இப்படிப் போயிருந்தால் மற்றவை சரியென்று எப்படி நம்புவது, எல்லாப் படத்தையும் முதலிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்துப் புதிதாகக் கொடுங்கள், நாளைக்குள் வேண்டும் என்றார். ஒரு நாள் முழுக்கப் பிடிக்கிற வேலை. செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சார் என் கைக்குக் கீழிருந்து ஃபைலை மெதுவாக உருவிக்கொண்டார். பிடுங்கவில்லை, அப்படித்தான் எடுத்தார். பீரோவில் வைத்துப் பூட்டினார். "படம் முடியலியே அம்மணி. படம் முடிஞ்சாத்தானே பேச்சு," என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

பஸ்காரன் எங்கே நிற்கிறீர்கள் என்று போன் செய்தான். வரவில்லை என்றேன்.

ஜூன் 12, வியாழன்

எனக்கு முன்னாலேயே சார் வந்து ஆபீசைத் திறந்திருந்தார். ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. தேதியையும் அவரே திருப்பியிருந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மௌஸை வலது கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கிறது என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பட்டையெல்லாம் எங்கே அம்மணி என்று கேட்டார். என் மேஜையில் அவருக்கு ஒரு கோடுகூட இழுக்க வரவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

நான் உட்கார்ந்தேன். படிக்கட்டு விழக் கூடாது, அவ்வளவுதான். இன்பராஜ் சார் கணக்கை ஒரு பக்கம் விரித்து வைத்து ஒவ்வொரு அளவாகப் பார்த்து வந்தேன். கைப்பிடி ஒன்றில் இன்னொரு தப்பு அகப்பட்டது. அதுவும் 4ஆம் தேதி காலை நான் மாற்றி, பிறகு போய்விட்டதுதான்.

பதினோரு மணி வாக்கில் என் ஃபைல் கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சார் வைத்துவிட்டு நகராமல் நின்றார். ராத்திரி தூங்கவில்லை போல, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"கிளம்பு அம்மணி. மீதியை நான் பாத்துக்கறேன்."

"எங்க சார் போறது?" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்நேரம் சென்னையில் என் பெயரை இரண்டாவது தடவையும் கூப்பிட்டு, கோடு போட்டு, அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள். அவருக்கும் அது புரிந்தது. நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று பயந்தேன், வரவில்லை.

ஃபைலைப் பையில் அந்தக் காலி அறையில் வைத்தேன். பிறகு எட்டு பிராக்கெட்டிலும் ஆறு ஆறு துளை போட்டேன்.

கடைசியில் மூலைக் கட்டத்தில் தேதி தானாக மார்ச் 9 என்று விழுந்தது. அதை அழித்து, ஜூன் 12 என்று அடித்தேன். சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தேதியில் நான் எங்கே இருந்தேன் என்று எங்காவது ஒரு இடத்தில் இருக்கட்டும்.

சாயங்காலம் இன்பராஜ் சார் வந்து கையெழுத்துப் போட்டார். மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிவமலை அண்ணன் படத்தை விரித்து விரலால் துளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "ஆறுங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுருட்டி எடுத்துப் போனார். துளை போட்ட பழைய தகடெல்லாம் இனி காயலான் கடைக்குத்தான்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. காலையிலிருந்து ஆறு தடவை அழைத்துவிட்டாள்.

மற்றவர்கள் போனபின் கம்ப்யூட்டரை அணைக்கும் முன் இரண்டு வேலை செய்தேன். போன வாரம் எது போனதற்கு அழுதேனோ அந்த மேஜையை நானே கலைத்து, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆக்கினேன். ஒரே ஒரு அழுத்தல்தான். பிறகு தேதியைச் சரியாக வைத்து சாஃப்ட்வேரை ஒரு தடவை திறந்து பார்த்தேன். காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி மூடிக்கொண்டது. நாளைக் காலையில் திருப்பிக்கொள்வது சார் பாடு.

நான் நாளை வரமாட்டேன் என்று சாரிடம் சொன்னேன். சரி என்பது போலத் தலையை ஆட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மௌஸை வலது பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.